விதைத்த நாளும் போட்ட பசளையும்: குடாநாட்டில் எள்ளு, கச்சான் செய்கை

எள்ளு, கச்சான் செய்கை பற்றி இடம்பெயர்ந்த குடும்பங்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை பசளை பற்றியவை. எந்தப் பசளை நல்லது, பரப்புக்கு எவ்வளவு போடுவது, மூடை என்ன விலை, கடனுக்கு யார் தருவார்கள் என்று கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. பசளைக்குத்தான் காசு வேண்டும். கையில் காசு இல்லாதபோது கேள்வியும் அதைச் சுற்றியே வரும். ஆனால் மெலிந்துபோன எள்ளுச் செடி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு அயலிலுள்ள வயதான கமக்காரர் ஒருவரிடம் போய்க் காட்டிப் பாருங்கள். "என்ன போட்டனியள்?" என்று அவர் முதலில் கேட்கமாட்டார். "எப்ப விதைச்சனியள்?" என்றே கேட்பார்.

அவர் கேட்கும் ஒழுங்குதான் சரி என்பது எங்கள் எண்ணம். எங்கள் குடாநாட்டில் எண்ணெய் விதைப் பயிரின் விளைச்சலை முதலில் முடிவுசெய்வது விதைத்த நாள். பசளை அதற்குப் பின்னர் வருவது. நாள் சரியாக இருந்தால் சிறிதளவு பசளையும் வேலை செய்யும். நாள் தவறினால் கூடுதலாகப் போட்ட பசளை வீணாவதோடு நில்லாமல் சில வேளைகளில் இருக்கிற விளைச்சலையும் குறைத்துவிடும். இந்தக் கடைசிச் செய்தி பலருக்குப் புதிதாக இருக்கலாம். அதைக் கீழே சற்று விரிவாகச் சொல்கிறோம்.

வேறு ஊர்களின் நாட்கள்

பரம்பரையாக ஒரே காணியில் கமம் செய்தவருக்கு விதைக்கும் நாளை ஒருவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எங்கள் வாசகர்களின் நிலை அப்படியல்ல. வலிகாமம் வடக்கு மக்கள் 1990 ஆனி மாதத்தில் காணி பூமியை விட்டு வெளியேறினார்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் கிளம்பித் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தது. அந்த நாள் எது என்று கமக்காரர் ஒருகணம் எண்ணிப் பார்க்கட்டும். ஐப்பசி மாதத்தின் நடுப்பகுதி. மாரி மழை தொடங்கி, காலபோக விதைப்பு நடக்கும் நாட்கள். அந்த ஆண்டு பலருடைய விதை வீட்டிலேயே கிடந்தது.

வலிகாமம் வடக்கின் காணிகள் 2015 இலிருந்து கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. திரும்பி வந்தவர்களில் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளை வன்னியில் கழித்தவர்கள் உண்டு. தமிழ்நாட்டு முகாம்களில் வளர்ந்து, அங்கே கூலி வேலையாக வயலில் நின்று தொழில் பழகியவர்களும் உண்டு. இவர்கள் தொழில் தெரியாதவர்கள் அல்லர். ஆனால் இவர்களுடைய கைக்குப் பழகிய நாட்கள் வேறு ஊர்களின் நாட்கள்.

தமிழ்நாட்டில் ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். அங்கே பல மாவட்டங்களில் மானாவாரி எள்ளும் நிலக்கடலையும் ஆடியில் விதைக்கப்படுகின்றன. அதற்கேற்ற மழை அங்கே உண்டு. யாழ்ப்பாணத்தில் ஆடி என்றால் ஆடிக்கூழ் நினைவுக்கு வரும், மழை நினைவுக்கு வராது. சோளகக் காற்று மண்ணைக் காயவைத்துக்கொண்டிருக்கும் மாதம் அது. அதுபோலவே வன்னியில் குளத்து நீரும், ஈரத்தை நெடுநாள் பிடித்து வைக்கும் மண்ணும் இருந்தன. விதைப்பை ஒரு கிழமை தள்ளிப் போட்டாலும் சமாளிக்கலாம். குடாநாட்டில் ஆறு இல்லை. மழைக் காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றுதான் உண்டு. மேலே மண், கீழே சுண்ணாம்புக் கல், அதற்குள் உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீர். எங்கள் கிணறுகளில் இருப்பது அதுதான். ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டி முடிந்துவிடும். பின்னர் தையில் கொஞ்சம், சித்திரையில் நம்ப முடியாத சிறுமாரி. இந்தக் கணக்குக்குள்தான் எள்ளும் கச்சானும் அடங்க வேண்டும்.

எள்ளு

எள்ளு எண்பது தொண்ணூறு நாட் பயிர். வறட்சியைத் தாங்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் அது நீர் தேங்குவதைத் தாங்காது. வேரைச் சுற்றி இரண்டு நாள் நீர் நின்றாற் போதும், செடி வாடத் தொடங்கிவிடும். ஆகவே ஐப்பசி, கார்த்திகை விதைப்பு எங்கள் பக்கத்து எள்ளுக்குப் பொருந்தாது. தையின் முற்பகுதியும் சந்தேகமே. பிந்திய மழை ஒன்று வந்து முளையை அழுகச் செய்துவிடும்.

நெல் அறுவடையான வயலில், மண்ணில் எஞ்சி நிற்கும் ஈரத்தை நம்பி மாசியில் விதைப்பதுதான் எள்ளுக்கு உகந்த முறை. தஞ்சாவூர்ப் பக்கத்துக் காவிரிப் படுகையிலும் நெல்லுக்குப் பின் கோடை எள் இப்படித்தான் செய்யப்படுகிறது. மாசி முதல் வாரத்தில் விதைத்தால் பங்குனி நடுப்பகுதியில் பூக்கும். காய் முற்றும் நேரத்தில் சிறுமாரி ஒன்று கிடைத்தால் அது அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டாலும் மண்ணின் அடியீரம் ஓரளவு காப்பாற்றும். சித்திரை முடிவில், சோளகம் பலக்க முன்னர், வெட்டிக் கட்டிவிடலாம். அதே எள்ளைச் சித்திரை கடைசியில் விதைத்தால் ஆனியில் பூக்கும். வரண்ட காற்றில் பூ உதிரும். பிடித்த காயும் சிறுத்துப்போகும். கிணற்று இறைப்பு உள்ள தோட்டக் காணியில் சித்திரை மழையோடு விதைக்கலாம் என்பது வேறு கதை. நாங்கள் இங்கே பேசுவது இறைக்க வசதியற்ற வயல் நிலத்தைப் பற்றி.

இதில் கணக்கு நாட்களில்தான். அறுவடையான வயலின் மேல்மண் ஈரம் வெயிலில் நாளுக்கு நாள் இறங்கும். எள்ளு விதையோ மிகச் சிறியது. ஆழத்தில் போட்டால் முளை வெளியே வராது, மேலே போட்டால் காய்ந்த மண்ணில் கிடக்கும். நெல் வெட்டியதும் ஓர் உழவு, உடனே விதைப்பு, உடனே மண்ணை மூடி மட்டப்படுத்தல் என்று மூன்று வேலையும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டும். சூட்டை அடித்து முடித்து, நெல்லை விற்று, பிறகு பார்ப்போம் என்று இருந்தால் ஈரம் போய்விடும்.

விதையின் அளவிலும் பலர் தாராளம் காட்டுகிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு ஹெக்ரேயருக்கு 5 கிலோ. எங்கள் கணக்கில் ஒரு பரப்புக்கு 125 கிராம். ஒரு ஹெக்ரேயர் ஏறக்குறைய 40 பரப்பு என்று வைத்துக்கொண்டால் எந்த அளவையும் இலகுவாக மாற்றலாம். விதையை அதன் நான்கு மடங்கு உலர்ந்த மணலுடன் கலந்து விதைத்தால் சீராக விழும். பதினைந்தாம் நாளில் ஒருமுறையும் முப்பதாம் நாளில் ஒருமுறையும் கலைத்து, செடிக்குச் செடி ஓரடி இடைவெளி விட வேண்டும். நல்ல செடியைப் பிடுங்கி எறிய மனம் வராதுதான். ஆனால் நெருங்கி நிற்கும் எள்ளு கிளை விடாது. உள்ள ஈரத்தையும் எல்லாச் செடிகளும் பங்கிட்டு, ஒன்றுக்கும் போதாமற் போகும்.

கச்சான்

கச்சானின் கணக்கு வேறு. எங்கள் பக்கத்தில் செய்யும் நிமிர்ந்து வளரும் இனங்கள் 90 முதல் 110 நாட்களில் முற்றும். இருபத்தைந்து, முப்பது நாளில் பூக்கும். நாற்பது நாளளவில் விழுது மண்ணுக்குள் இறங்கும். அதிலிருந்து எழுபத்தைந்து நாள்வரை காய் பிடித்துப் பருப்பு நிறையும். அந்த முப்பத்தைந்து நாளும் மண் காயக்கூடாது. அதேவேளை பிடுங்கும் நாளில் மழை இருக்கக்கூடாது. இந்த இரண்டையும் பொருத்துவதுதான் நாள் பார்த்தல் என்பது.

மழையை நம்பி மணற்பாங்கான மேட்டு நிலத்தில் செய்பவர்கள் ஐப்பசிப் பிற்பகுதியில், மண் நன்றாக நனைந்தபின், விதைப்பது நல்லது. ஐப்பசி 20 இல் விதைத்தது மாசி தொடக்கத்தில் முற்றும். பருப்பு நிறைவது மார்கழி கடைசியிலும் தையிலும். அப்போது மண்ணில் ஈரம் உண்டு, பெருமழை ஓய்ந்திருக்கும். முதல் மழைக்கே அவசரப்பட்டுப் புரட்டாதி நடுப்பகுதியில் விதைத்தால் மார்கழி மழைக்குள் பயிர் முற்றிவிடும். இந்த இனங்களின் விதைக்கு உறங்குகாலம் கிடையாது. முற்றிய காய் ஈர மண்ணில் ஒரு கிழமை கிடந்தாலே அங்கேயே முளைத்துவிடும். மறுபுறம் மார்கழி வரை பிந்தினால் பருப்பு நிறைவது மாசி, பங்குனி வெயிலில்.

அந்த வெயிலினால் வரும் கேடு விளைச்சல் குறைவதோடு நிற்பதில்லை. முற்றும் காலத்தில் வறட்சியில் அகப்பட்ட கச்சானில் ஒருவகைப் பூஞ்சணம் இலகுவாகப் பிடிக்கும். அது உண்டாக்கும் நஞ்சுக்கு அஃப்ளாரொக்சின் என்று பெயர். 1960 இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சம் அளவில் வான்கோழிகள் செத்து விழுந்தபோதுதான் இந்த நஞ்சை உலகம் அறிந்தது. அவற்றுக்குத் தீனியாகக் கொடுத்த கச்சான் பிண்ணாக்கில் அது இருந்தது. மனிதரின் ஈரலையும் தாக்கும் நஞ்சு இது. பூஞ்சணம் பிடித்த, சுருங்கிய, நிறம் மாறிய பருப்பைப் பிள்ளைகளுக்கு வறுத்துக் கொடுக்க வேண்டாம், மாட்டுக்கும் வேண்டாம்.

கிணறு உள்ளவர்களுக்கு இரண்டாவது வழி உண்டு. காலபோக மரக்கறியோ வெங்காயமோ எடுத்த தோட்டத்தில் மாசியில் கச்சான் விதைத்து இறைத்து எடுக்கலாம். வைகாசியில் பிடுங்கலாம். நீர் அதிகம் வேண்டிய நாட்கள் பங்குனி நடுவிலிருந்து சித்திரை நடுவரை விழும். கிணற்று மட்டம் அப்போது இறங்கத் தொடங்கியிருந்தாலும் இன்னும் தாங்கும். பங்குனி கடைசிக்குத் தள்ளினால் அதே நாட்கள் வைகாசி, ஆனியில் வரும். கரையோரக் கிணறுகள் உவர்க்கத் தொடங்கும் காலம் அது. எள்ளும் கச்சானும் இரண்டுமே உவரைத் தாங்கும் பயிர்கள் அல்ல.

செம்பாட்டு மண்ணில் கச்சான் செய்பவர்களுக்கு இன்னொன்று. காய்ந்தால் இந்த மண் இறுகும். மண் இறுகியபின் பிடுங்கினால் செடி கையில் வரும், காய் மண்ணில் நிற்கும். பிடுங்குவதற்கு முதல்நாள் இலேசாக ஒரு நீர் விட்டால் கூலி மிஞ்சும்.

இந்த இடத்தில் பழைய கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியாவில் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது, அந்நாட்டு அரசாங்கம் 1947 இல் ஆபிரிக்காவின் தங்கனீக்காவில், இன்றைய தன்சானியாவில், பெருங்காட்டை வெட்டிக் கச்சான் செய்யப் புறப்பட்டது. போர் டாங்கிகளையே உழவு இயந்திரங்களாக மாற்றிக் கொண்டுபோனார்கள். பணத்துக்கும் இயந்திரத்துக்கும் குறைவில்லை. ஆனால் கொங்வா என்ற அந்த இடத்தின் மழையையும் மண்ணையும் நன்றாகப் பார்த்துவிட்டு அவர்கள் தொடங்கவில்லை. மழை பொய்த்தது, களிமண் வெயிலில் கல்லாக இறுகிக் காயை விட மறுத்தது. ஏறத்தாழ 3 கோடி 60 இலட்சம் பவுணைத் தொலைத்துவிட்டு 1951 இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். ஓர் அரசாங்கம் அதைத் தாங்கிக்கொண்டது. மூன்று பரப்புக் கச்சானுக்காகக் காதில் கிடந்ததை ஈடு வைத்த குடும்பம் அப்படித் தாங்காது.

பசளை

இனிப் பசளைக்கு வருவோம். நாங்கள் பசளைக்கு எதிரானவர்கள் அல்லர். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யூரியா வடக்குக்கு வராமல் தடுக்கப்பட்டபோதும், 2021 இல் இறக்குமதியை அரசாங்கம் திடீரென நிறுத்தியபோதும் கமக்காரர் பட்ட பாட்டை அறிவோம். 2021 தடை அதே ஆண்டின் கடைசியில் விலக்கப்பட்டது. ஆனால் அடுத்த ஆண்டு நெருக்கடியில் மூடையின் விலை பல மடங்கு ஏறியது. பசளையே வேண்டாம் என்று வயிறு நிறைந்தவர் சொல்வது எளிது. ஆனாலும் அந்த இரு காலங்களிலும் பயிரைக் காப்பாற்றிய பழைய வழிகள் எங்களிடம் இருக்கின்றன: ஆட்டுப்பட்டி, மாட்டுப்பட்டி அடைத்தல், பூவரசு, கிளுவைக் குழை தாழ்த்தல், பனையோலை புதைத்தல். எரு மண்ணின் ஈரம் பிடிக்கும் சக்தியைக் கூட்டும். ஆகவே ஈரத்தை நம்பிச் செய்யும் எள்ளுக்கு அது பசளையாக மட்டுமன்றி நீராகவும் பயன்படுகிறது. எருவை நெல்லுக்கு முன்னரே போட்டுவிட்டால் எள்ளுக்கும் அதில் பங்கு கிடைக்கும்.

வாங்கிப் போடும் பசளையில் எவ்வளவு போதும் என்று பார்ப்போம். மானாவாரி எள்ளுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு ஹெக்ரேயருக்கு நைதரசன் 23 கிலோ, பொசுபரசுச் சத்து 13 கிலோ, பொற்றாசியச் சத்து 13 கிலோ. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். இதை மாற்றிப் பார்த்தால் ஒரு பரப்புக்கு யூரியா ஒன்றேகால் கிலோ, ரி.எஸ்.பி. முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, எம்.ஓ.பி. அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூட. இறைப்பு எள்ளுக்குக்கூட யூரியா இரண்டு கிலோவைத் தாண்டவில்லை. வெங்காயத்துக்குப் போட்டுப் பழகிய கைக்கு இது உப்புப் போடுவதுபோலத் தோன்றும். இது கோயம்புத்தூர்க் கணக்கு. உங்கள் காணிக்குரிய சரியான அளவைப் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலியிலுள்ள விவசாய ஆராய்ச்சி நிலையத்திலும் விசாரிக்கலாம். ஆனால் எந்தக் கணக்கை எடுத்தாலும் எள்ளு பெருந்தீனிக்காரன் அல்ல என்பது தெரியவரும்.

நாளும் பசளையும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பிந்தி விதைத்தவர் பயிர் நோஞ்சானாக நிற்பதைக் கண்டதும், யூரியாவைக் கூட்டிப் போட்டால் எட்டிப் பிடிக்கலாம் என்று நினைக்கிறார். செடி பசளையை மண்ணீரில் கரைந்த நிலையில்தான் உறிஞ்சும். ஈரம் போன மண்ணின் மேல் எறிந்த யூரியாவில் ஒரு பகுதி அமோனியா வாயுவாகக் காற்றில் போய்விடும்; சுண்ணாம்புத் தன்மையுள்ள எங்கள் மண்ணில் இந்த இழப்பு இன்னும் கூட. மீதி கிடைத்தால் செடி இலையாகத் தழைக்கும். அகன்ற இலை அதிக நீரைக் குடிக்கும். அடிமண்ணில் மிஞ்சியிருந்த ஈரம், காய் நிறையும் நாளுக்கு முன்னரே தீர்ந்துவிடும். பார்வைக்குப் பச்சைப் பசேலென்று நின்ற எள்ளு, காயுக்குள் பதராகப் போவது இப்படித்தான். ஆகவே பிந்தி விதைத்த எள்ளுக்குப் பசளையைக் குறைக்க வேண்டுமே தவிரக் கூட்டக்கூடாது. மிகப் பிந்திவிட்டால் அந்தப் பசளைக் காசை வைத்துக்கொண்டு அடுத்த போகத்துக்குக் காத்திருப்பது மேல்.

நேரத்தோடு விதைத்தவர் ரி.எஸ்.பி.யையும் எம்.ஓ.பி.யையும் அடிக்கட்டாக விதைப்புடன் போட்டுவிட வேண்டும். பொசுபரசு மண்ணில் நகராது. சுண்ணாம்பு மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எனவே வீசி எறியாமல் வரிசையோரமாக, விதைக்குக் கிட்ட, மண்ணுக்குள் வைக்க வேண்டும். பல காலம் வெங்காயமும் உருளைக்கிழங்கும் செய்த தோட்டத்தில் அது முன்னைய பசளையிலிருந்து எஞ்சி நிற்கக்கூடும். மண்ணைப் பரிசோதித்தால் ஒரு மூடையின் விலை மிஞ்சலாம்.

கச்சானுக்கு யூரியா இன்னும் குறைவு. அவரையினப் பயிராகையால் வேர்முடிச்சுகளிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து நைதரசனை எடுத்துக் கொடுக்கும். மானாவாரிக் கச்சானுக்கு மேற்சொன்ன பல்கலைக்கழகம் கூறுவது ஹெக்ரேயருக்கு 10 கிலோ நைதரசன்தான். பரப்புக்கு அரைக் கிலோ யூரியா. கூடுதலாகப் போட்டால் முடிச்சு சோம்பிவிடும், செடி கொடியாக ஓடும், காய் குறையும். முப்பதாம் நாளளவில் ஒரு செடியைப் பக்குவமாகக் கிண்டி எடுத்து முடிச்சு ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே சிவந்திருந்தால் அது வேலை செய்கிறது, மேற்கட்டு யூரியா தேவையில்லை. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.

கச்சான் உண்மையில் கேட்பது கல்சியம். இந்தப் பயிருக்கு ஒரு விசித்திரம் உண்டு. மண்ணுக்குள் இருக்கும் காய் தனக்கு வேண்டிய கல்சியத்தை வேர் வழியாகப் பெறுவதில்லை, தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரே எடுக்கிறது. விழுது இறங்கும் மேல்மண்ணில் கல்சியம் குறைந்தால் தோடு பெரிதாகவும் உள்ளே பொக்காகவும் இருக்கும். இதற்குத்தான் நாற்பது, நாற்பத்தைந்தாம் நாளில் செடியோரமாக ஜிப்சம் இட்டு மண் அணைப்பது. தமிழ்நாட்டு அளவு ஹெக்ரேயருக்கு 400 கிலோ, அதாவது பரப்புக்கு 10 கிலோ. சுண்ணாம்புக் கல்லின் மேலிருக்கும் வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில் இது எல்லாக் காணிக்கும் தேவைப்படாது; வடமராட்சி கிழக்கு, பச்சிலைப்பள்ளி மணலில் தேவை கூட. ஐந்து வரிசைக்குப் போட்டு ஐந்து வரிசையை விட்டு, பிடுங்கும்போது பொக்கை எண்ணிப் பார்த்தால் உங்கள் காணிக்கு விடை கிடைத்துவிடும். சுண்ணாம்பு மட்டும் போட வேண்டாம். அதனால் இரும்புச் சத்து மேலும் கட்டுப்பட்டு, இளம் இலை மஞ்சளாகும். மண் அணைத்தபின் அந்தப் பக்கம் மண்வெட்டியும் போகக்கூடாது. இறங்கிய விழுது அறுந்துவிடும்.

இன்னொரு காரணத்துக்காகவும் அளவோடு போடச் சொல்கிறோம். பயிர் எடுக்காத யூரியா எங்கே போகிறது? கார்த்திகை மழையில் அது நைத்திரேற்றாகக் கரைந்து, மண் வழியாகச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புக்குள் இறங்கிக் கிணற்றில் சேர்கிறது. குடாநாட்டின் விவசாயப் பகுதிகளிலுள்ள பல கிணறுகளில் உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கொதிக்க வைத்தால் அது போகாது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு அந்த நீரில் பால் கரைத்தால் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் சக்தி குறைந்து உடல் நீலம் பூக்கலாம். தோட்டத்துக் கிணறும் வீட்டுக் கிணறும் ஒரே நீரைத்தான் குடிக்கின்றன.

காணியும் விதையும் பிந்தினால்

நாள் முக்கியம் என்று நாங்கள் எழுதிவிடலாம். சொந்தக் காணி இல்லாதவர் கையில் நாள் இருக்கிறதா என்பது நியாயமான கேள்வி. குத்தகைக்குக் காணி எடுக்கும் குடும்பம் பிந்துவது சோம்பலால் அல்ல. காணிக்காரர் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருப்பார். அவருடைய சம்மதம் வந்து, பேச்சு முடிந்து, உழவு இயந்திரம் கிடைப்பதற்குள் மாசி போய்விடும். எள்ளுக்கான குத்தகைப் பேச்சை நெல் கதிர் தள்ளும்போதே, மார்கழியிலேயே, தொடங்குங்கள். கூடுமானால் நெல் செய்பவரிடமே பேசி, அவர் வெட்டும் நாளில் உங்கள் உழவு வரும்படி ஒழுங்கு செய்யுங்கள். நீண்ட காலம் பற்றை மண்டிக் கிடந்து விடுவிக்கப்பட்ட காணியானால், பற்றையை எரிக்காமலும், இலை உக்கிய மேல்மண்ணை இயந்திரத்தால் வழித்து எல்லையில் குவிக்காமலும் துப்புரவாக்குங்கள். முதலாண்டுப் பசளை அந்த மேல்மண்ணிலேயே இருக்கிறது. கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிப்படுத்தப்படாத காணியில் மண்வெட்டி வைக்கவே வேண்டாம்.

உதவியாகக் கிடைக்கும் விதை பிந்தி வருவதும் உண்டு. கொடுப்பவரின் கணக்கு ஆண்டு ஐப்பசியைப் பார்த்து நடப்பதில்லை. பிந்தி வந்த விதையை, தந்துவிட்டார்களே என்பதற்காக மண்ணில் கொட்டாதீர்கள். கச்சானைத் தோட்டோடு நன்றாகக் காயவைத்து, சாக்கில் கட்டி, நிலத்தில் முட்டாமல் உயரத்தில் வைத்தால் அடுத்த போகம்வரை நிற்கும். விதைப்பதற்குச் சற்று முன்னர்தான் உடைக்க வேண்டும். உடைத்த பருப்பு விரைவில் முளைதிறனை இழக்கும். அப்போதும் நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, ஆறாம் நாள் எத்தனை முளைத்தன என்று பாருங்கள். எண்பதுக்குக் குறைந்தால் அதற்கேற்ப விதையைக் கூட்ட வேண்டும். ஐம்பதுக்குக் குறைந்தால் எண்ணெய்க்கு அனுப்பிவிடலாம்.

1990 இல் கிளிநொச்சியில் தொடங்கி, போரினால் தானும் இடம்பெயர்ந்து, பின்னர் அறிவியல் நகருக்குத் திரும்பிய யாழ். பல்கலைக்கழக விவசாய பீடம் போன்ற இடங்களில் விதைப்பு நாளையும் பசளை அளவையும் சேர்த்துச் சோதிப்பதற்கு ஒரு முறை உண்டு. அதன் எளிய வடிவத்தை நீங்களும் செய்யலாம். ஒரு பரப்பை நான்கு சமதுண்டுகளாகப் பிரியுங்கள். இரண்டை நெல் வெட்டிய கையோடும், மற்ற இரண்டைப் பன்னிரண்டு நாள் கழித்தும் விதையுங்கள். ஒவ்வொரு நாளிலும் ஒரு துண்டுக்கு முழுப் பசளை, மற்றதற்குப் பாதி. கீழ் இலை உதிர்ந்து அடிக்காய் மஞ்சளாகும்போது, காய் வெடிக்க முன்னர், நான்கையும் வேறு வேறாக வெட்டிக் கட்டி, மூன்று நான்கு நாள் காயவிட்டு, தலைகீழாகத் தட்டி, தனித்தனியே நிறுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முந்தி விதைத்துப் பாதிப் பசளை போட்ட துண்டையும், பிந்தி விதைத்து முழுப் பசளை போட்ட துண்டையும் முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள்.